நாற்பத்தெட்டு மணித்தியாலம்

ஒலுவிலில் கரையேற்றிய படகின் சுக்கான் தண்டு
இரண்டாய் முறிந்து என் வாசலில் கிடக்கிறது.
"கட்டாரில் கடலுக்கடியில ஒட்டுறவனாமே நீ,
இது ஒரு தேத்தண்ணிக் கணக்கு" என்கிறார் மஹ்றூப் காக்கா.

அடியில் இல்லை காக்கா, மேலே,
குழாய் இறக்கும் கப்பலில்.
முன்னொரு காலம் தண்ணீருக்குள்ளேயே தீ மூட்டினார்களாம்;
கடல் ஒரே மிடறில் குளிர்விக்க
ஒட்டு கண்ணாடிபோல் இறுகிப் பிளந்ததாம்.
பிறகு ஓர் இரும்பறையை இறக்கி,
வாயு ஏற்றித் தண்ணீரை வெளியே தள்ளி
உள்ளே உலர்ந்து நின்று ஒட்டினார்கள்.
இப்போது குழாயைச் சுற்றி ஒரு சின்ன வண்டி ஓடுகிறது.
நான் திரை பார்த்துப் பொத்தான் அழுத்துகிறேன்.
அது என்னைவிட நன்றாக ஒட்டும். கோபமில்லை,
சம்பளம் எனக்குத்தான் வருகிறது.

ஹோல்டர் பிடித்து நாலு வருசம்.

அக்கரைப்பற்றில் வாங்கிய கம்பிகள்
பெட்டி கிழிந்து கடற்காற்றைக் குடித்திருந்தன.
ஷிபாயாவின் கேக் போறணையில் அடுக்கினேன்.
முந்நூற்றைம்பது பாகை வேண்டும்;
அதற்கு இருநூற்றைம்பதுக்கு மேல் ஏறத் தெரியாது.
"கேக் இரும்பு மணக்கும்" என்றாள்.
என் பயம் மறுபக்கம்: பட்டரிலும் ஹைட்ரஜன்தான்.

ஈரத்தில், எண்ணெயில் ஒளிந்து வரும் அது.
உருகிய இரும்புக்குள் புகுந்து
இறுகியபின் வெளியேற வழி தேடும்.
உடனே வெடிக்காது.
மறுநாள், அதற்கடுத்த நாள்,
எல்லாரும் கைகொடுத்துப் பிரிந்தபின்.

தண்டைச் சூடாக்கி, கப்பலிலிருந்து கொண்டுவந்த
வெப்பச் சோக்கால் கோடிழுத்தேன். உருகியது.
ஒட்டினேன். கை முதலில் நடுங்கியது,
இரண்டாம் கம்பியில் நின்றுவிட்டது.
நிந்தவூர் மில்லின் உமிச் சாம்பலில் புதைத்து
"ரெண்டு நாள் தொடக்கூடாது" என்றேன்.

இஷாவுக்குப் பிறகு சாம்பலுக்குள் 'டிக்'.
ஆறுகிற இரும்பா, பிளக்கிற இரும்பா?
அங்கே படம் பிடித்துச் சொல்ல பிஜோய் இருக்கிறான்,
நல்லதையும் சிரிக்காமல் சொல்லுவான்.
இங்கே காதை வைத்தேன். காதெல்லாம் சாம்பல்.

பத்தொன்பதாம் மணியில் காக்கா தோண்டி எடுத்தார்.
"சூரை எனக்காக ரெண்டு நாள் நிக்குமா தம்பி?"

நானும் ஏறினேன்.
யாரும் கூப்பிடவில்லை.
பின்பக்கம் குந்தி, தண்டில் உள்ளங்கை வைத்தபடி
ஷிபாயா வெட்டி ஒதுக்கிய கேக் ஓரங்களைத் தின்கிறேன்.
இலேசாய் இரும்பு மணக்கத்தான் செய்கிறது.
கரை வெளிச்சம் மறைகிறது.
இருபத்தாறு.