முப்பது பவுண்டு

வில் என்றால் விற்பதும்தானே.
போன வாரம் டீப் ஃபிரீசரை விற்றேன்.
"பன்றி விழுந்தால் கறியை எங்கே வைப்பாய்?"
என்றாள் திலோஷினி. பதில் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சந்துக்கடையில்
மூன்று துண்டாக மேசைக்கு வந்தது:
ஒரு மரப்பிடி, இரண்டு தண்டு, ஆறு பக்கத் திருகு.
இருப்பதிலேயே மலிவு. பிடியில் ஒரு கீறல்,
அதற்கும் ஐம்பது ராண்ட் குறைத்தான்.

நாற்பத்தைந்து பவுண்டுத் தண்டை இழுத்தேன்.
முதல் தடவை தாடை வரை வந்தது,
மூன்றாவதில் தோள்
கிடங்கில் தூக்கிய பெட்டிகளை எல்லாம் எண்ணிக்காட்டியது.
முப்பது, சொன்னபடி வந்து நின்றது.

முப்பதில் காட்டுப்பன்றி சாகாது.
காயத்தோடு முட்புதருக்குள் ஓடும்,
இரவெல்லாம் தேட வேண்டும்.
கடைக்காரன் ஒளிக்காமல் சொன்னான்.
பிடி இதுவே போதும், தண்டை
அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.
கையில் ஒரு ஜோடிக்குத்தான் காசு.

நார்த்டேல் பின்முற்றத்தில்
கந்தல் அடைத்த மக்காச்சோளச் சாக்கு.
ஒன்பது அடி எடுத்து வைத்துத் திரும்பி விட்டேன்.
முதல் அம்பு பக்கத்து வீட்டு நாயுடுவின்
தண்ணீர்த் தொட்டியில்.
நாண் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்;
அன்று இரண்டும் என்னிடம் இருந்தன.

துலானி பண்ணையிலிருந்து கூப்பிடுகிறான்,
பன்றிகள் வேலி தாண்டுகின்றனவாம்.
தாண்டட்டும். கொழுக்கட்டும்.
சாக்கில் பத்துக்கு நாலுதான் இன்னும்.

ராத்திரி நாணை இறக்கி
வில்லைச் சாய்த்து வைக்கிறேன்,
ஃபிரீசர் நின்ற இடத்தில்,
தரை மட்டும் வெளுத்த அந்தச் சதுரத்தில்.