பதினேழாம் புள்ளி

மான்டிவிடியோ, குடும்ப நீதிமன்றம், மூன்றாம் தளம்.
ஜனவரி வெயில்.
பொய்க்கூரையின் பலகை ஒன்றை விலக்கித்
தலையை உள்ளே விட்டிருக்கிறாள் நிபியா.
தோளுக்குக் கீழேதான் அவள் கட்டடத்தில் இருக்கிறாள்;
மேலே எலிப்புழுக்கையும் செத்த தொலைபேசிக் கம்பிகளும்
வேறொரு அரசாங்கம் நடத்துகின்றன.

சின்னக் கருவியில்
எட்டு விளக்கும் வரிசையாய்ப் பச்சை.
"சரியாத்தானே இருக்கு" என்கிறான் வில்மர்,
மாத்தே குடுவையை உறிஞ்சியபடி.

பெரிய கருவி ஒப்பவில்லை.
ஒன்பது நொடி யோசித்துவிட்டுச் சிவப்பு:
பக்கத்து இணையின் பேச்சு இதில் கேட்கிறது.

கழற்றிப் பார்க்கிறாள்.
எந்தக் கம்பியும் வழி தவறவில்லை.
எட்டும் புறப்பட்ட எண்ணுக்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன.
செய்தி ஒன்று, சுமப்பவை இரண்டு,
நாற்பத்திரண்டு மீட்டரும் அவை
வேறு வேறு துணையைச் சுற்றிக்கொண்டே
வந்திருக்கின்றன.

கீழே விசாரணை அறையில்
நாற்காலிகள் இன்னும் பிளாஸ்டிக் உறையோடு.
திங்கட்கிழமை திறப்பு.
"பாரேன், இந்த ஆபீசுக்குன்னே..." என்று தொடங்குகிறான் வில்மர்.
"வேண்டாம்" என்கிறாள்,
பற்களுக்கிடையில் பெயர்ச்சீட்டு.

நறுக்குகிறாள்.
பச்சையைப் பிரித்து மூன்றிலும் ஆறிலும்,
நடுவில் நீலம்.
முறுக்கு அவிழ்ந்தது ஒரு விரல் நகம் அளவு, அதற்கு மேல் இல்லை.
அந்த முனைக்கும் நடந்து போய் அதையே செய்கிறாள்.

பதினேழு: தேறியது.

"இப்படி எத்தனை போட்ட?"

குடுவையில் தண்ணீர் தீர்ந்த சத்தம்.
"சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டது எல்லாம்."

நிபியா எண்ணவில்லை.
ஏணியை நகர்த்துகிறாள்.