நள்ளிரவுக்குள் புதுப்பிக்க வேண்டும்

நூலகத்தை ஐந்து மணிக்கே பூட்டிவிட்டார்கள்.
அதன் வைஃபை மட்டும் சுவர் தாண்டி வந்து
காருக்குள் இருக்கும் எனக்கு
இரண்டு கோடு கிடைக்கிறது.
வீட்டுக் கம்பியைப் பனிப்புயல் அறுத்துப் போட்டது.
வடக்கு டகோட்டா, பிப்ரவரி, மைனஸ் இருபத்தாறு.
இன்ஜின் ஓடுகிறது. மடியில் லேப்டாப்.
பன்னிரண்டு மணிக்கு என் உரிமம் காலாவதி.

நர்ஸ்தான். ஆனால்
மருந்துச் சீட்டு எழுதும் நர்ஸ்.
காலை எட்டு மணிக்கு மிசஸ் ட்விடின்
சர்க்கரை பார்க்க வருவார்,
பிறகு லுண்ட் வீட்டுக் குழந்தைக்குக் காது.
நாற்பது மைலுக்கு ஒரே கை இது.
பன்னிரண்டு அடித்த மறு நிமிடம்
வெறும் கை.

இரண்டு வருடத்துக்கு ஐம்பது மணி நேரம் கேட்கிறார்கள்.
நாற்பத்தொன்பதை ஒப்பேற்றிவிட்டேன்:
பல் மருத்துவரின் வரவேற்பறையில்,
அடுப்பில் சூப் கொதிக்கையில்,
ஒருமுறை, சொன்னால் வெட்கம், சர்ச்சில்,
பிரசங்கம் நீண்டபோது
தொப்பிக்குள் ஒற்றைக் காதில் சிறுநீரகச் செயலிழப்பு.
மிச்சம் ஒரு மணி.
வலி மாத்திரைகளைக் குறைத்தல்.

பாடம் சொல்பவளுக்கு
விமானத்தில் பெல்ட் போடச் சொல்லும் குரல்.
பதினேழாம் கேள்வி:
ஆண், ஐம்பத்தெட்டு, விவசாயி. முதுகுவலி.
பத்து வருடமாக அதே மாத்திரை, அதே அளவு.
வேலைக்குப் போகிறார். தொந்தரவு இல்லை.
அடுத்து என்ன செய்வீர்கள்?

மூன்று புதுப்பித்தலுக்கு முன்
வேறொரு குரல் இதையே கேட்டது.
'நான்கு வாரத்தில் நிறுத்துவேன்' என்றேன்.
பச்சை. முழு மதிப்பெண்.
அந்தச் சான்றிதழ் இன்னும் இழுப்பறையில்
ஸ்டேப்ளருக்கு அடியில் கிடக்கிறது.

இன்றும் விரல் தானாக அந்த வரிக்கே போனது.
சிவப்பு.
'அவசரம் வேண்டாம். நோயாளியோடு பேசுங்கள்.
மாதக்கணக்கில், தேவையானால் வருடக்கணக்கில்.'

வெர்லின் ஹௌகனோடு
நான் நான்கு வாரம் பேசினேன்.
பேசினேன் என்பதே பொய்,
அச்சடித்த அட்டவணையை நீட்டினேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
அந்த ஏப்ரலில்
நாற்பத்திரண்டு பசுக்களையும் விற்றார்.
பால் விலை என்றது ஊர்.
நானும்தான் சொன்னேன், பால் விலை என்று.

எழுபத்தெட்டு. எண்பது வேண்டும்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.
மஞ்சள் விளக்கு சுழல, பனி தள்ளும் லாரி.
இப்போது கவுண்டிக்கு ஓட்டுகிறார் வெர்லின்.
குனிய முடியாமல் முழங்காலை மடக்கி
முகத்தைக் கண்ணாடிக்குக் கொண்டுவந்தார்.

"ஆர்டிஸ், புகைக்குழாயைப் பனி மூடியிருக்கு.
இப்படியே இருந்தா தூங்கிப்போவ.
எழுந்திரிக்க மாட்ட."

பின்னால் போய் வாரியால் தள்ளினார்.
ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு சின்ன நிறுத்தம்.
பின்கண்ணாடியில் அந்த நிறுத்தங்களை எண்ணினேன்.
பதினொன்று.

"இந்த நேரத்துல என்ன படிப்பு?"
"பரீட்சை. ரெண்டு மார்க்கில போச்சு."
"திரும்ப எழுத விடுவாங்களா?"
"எத்தனை தடவை வேணும்னாலும்."
"நல்ல பள்ளிக்கூடம்" என்றார்.

"முதுகு எப்படி?"
"இருக்கு."
"வெர்லின், அன்னைக்கு அந்த அட்டவணை..."
லாரிக்குள் ரேடியோ அவரைக் கூப்பிட்டது.
கையுறையால் காரின் கூரையை ஒருமுறை தட்டினார்,
பசுவின் முதுகைத் தட்டுவதுபோல.
"காலையில வரட்டுமா?"
"எட்டரைக்கு வா."

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு மறுபடி பதினேழாம் கேள்வி.
இந்த முறை சரி. தொண்ணூற்றொன்று.
சான்றிதழ் இறங்கியது.
என் பெயருக்குக் கீழே
'கற்ற நேரம்: ஒரு மணி.'

நாளைய பட்டியலைத் திறந்தேன்.
எட்டரை, ஹௌகன், பதினைந்து நிமிடம்
என்று அதுவாகவே போட்டுக்கொண்டது.
பதினைந்தை அழித்தேன்.
ஒரு மணி என்று எழுதினேன்.
லுண்ட் குழந்தையின் அம்மாவுக்கு
கொஞ்சம் தாமதமாகும் என்று செய்தி அனுப்பிவிட்டு
வைப்பரைப் போட்டேன்.