கரிந்த பக்கத்திலிருந்து

பதினொரு வருஷம் இதைக் கழுவியிருக்கிறேன்.
சமைத்ததில்லை.

பாரிஸ் பதினைந்தாம் வட்டாரத்தில், மதாம் நோவின் கடையில்
மேசை மேசையாய் இறங்கி வரும் கம்பிவலைகள்.
சீனி கரிந்து, சோயா கரிந்து
தார் றோட்டைச் சுரண்டுவது போலிருக்கும்.
வலைக்கு நாலு நிமிஷம்.
சனி இரவென்றால் அறுபது வலை.
கோப்பைகளில் மிஞ்சிய எலும்புகள்
பெரிய கோட்டுப் பொத்தான்கள் மாதிரி.
சவ்வைக் கடித்திழுத்தவர் யார், பல்லில்லாதவர் யார்,
முதல் சந்திப்பில் வெட்கப்பட்டு
பாதியில் விட்டவள் யார்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
ருசி மட்டும் தெரியாது.
(ஒருமுறை, ஆறிப்போன ஒன்று,
சுவர்ப்பக்கம் திரும்பி நின்று.
அதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.)

மாசியில் கடை விலைப்பட்டது.
இப்போது அங்கே கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள்.
"ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கோ" என்பதை
மதாம் தன் பிரெஞ்சில் சொன்னா.
பக்காரி கத்தி எடுத்தான்.
நான் ஒரு வலை.

லா கூர்னேவ் இறைச்சிக்கடையில் தாஹர் கேட்டார்:
"சூப்புக்கோ?"
"நெருப்புக்கு."
"மூன்று மணித்தியாலம் அவியாட்டி பல்லுக்கு ஆகாது."
"மூன்று நிமிஷம்" என்றேன்.
எலும்புக்குக் குறுக்கே, சுண்டுவிரலில் பாதித் தடிப்பு.
வாள் மெஷின் இரைந்தது.
பைத்தியத்துக்குப் பொட்டலம் கட்டும் கவனத்தோடு
கட்டித் தந்தார்.

எலும்புத்தூள் போக, இரத்தம் போக
மூன்று தரம் தண்ணீர் மாற்றினேன்.
தண்ணீர் வேலையில் எனக்குப் பிழை வராது.
பிறகுதான் பயம்.
பேரிக்காயைத் துருவும்போது வதனி எட்டிப் பார்த்து
"பப்பாளிக்காய் போட்டால் இன்னும் கெதியாய் மெதுவாகும்" என்றாள்,
மாடு தொடாதவள்.
உள்ளி, வெங்காயம், சோயா, மண்ணிறச் சீனி.
கொரியாக்காரரின் எள்ளெண்ணெய்,
நம் நல்லெண்ணெய் ஒருநாள் கூடுதலாய்
வெயிலில் நின்று வந்தது போல.
"உங்கட சட்டி, உங்கட கரண்டி, உங்கட தட்டு" என்று
குளிர்பெட்டியின் அடித்தட்டில்
அதற்குத் தனிக்குடித்தனம் வைத்தாள்.

சனி பின்னேரம்.
சமையலறைக் கதவுக்குப் பின்னால்
எங்களுக்கென்று இரண்டு மீற்றர் புல்.
கரி சிவந்து, சாம்பல் பூத்ததும் வலையை வைத்தேன்.
முதல் நாலும் கரிந்தன.
கரிந்ததையே கண்டு பழகியவன்,
அதுவரைக்கும் விட்டுவிட்டேன்.

ஐந்தாவதில் கண்டேன்:
ஓரத்தில் சீனி குமிழ்விட்டு
பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே
ஒரு மூச்சளவு இடம் இருக்கிறது.
அது மேலே, மேசைகளில் நடந்து முடிந்துவிடும்.
கீழே என்னிடம் வந்ததேயில்லை.

கத்தரிக்கோலால் நறுக்கி
விரல் சுடச்சுடத் தின்றேன்.
இனிப்பு.
உப்பாய்த்தான் இருக்கும் என்று
இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்.

பஸ் பிந்தி பக்காரி வந்தான்.
நாலு துண்டு பேசாமல் தின்றான். ஐந்தாவதில்
"மதாமுடையது இவ்வளவு இனிப்பில்லை" என்றான்.
"உனக்கெப்படித் தெரியும்?"
அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.
எந்தச் சுவர் என்று கேட்கவில்லை.
சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

வதனி சலாது இலையில் சோறு வைத்து
ஈயத்தாளில் சுட்ட உள்ளி வைத்து
புகை வரும் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டாள்.
மணத்துக்கு விரதம் இல்லையாம்.

இருட்டின பிறகு
என் கை தன்பாட்டில் கம்பிநாரைத் தேடிப் போனது.
"விடு" என்றான் பக்காரி,
மேலாளர் குரலில்.

இன்று செவ்வாய்.
வலை புல்லில் கிடந்தபடி கிடக்கிறது.
நேற்று முழுக்க மழை அதில் தேய்த்துப் பார்த்தது.
போகவில்லை.
மழைக்கு அந்த வேலை தெரியாது.