நடவடிக்கைக் குறிப்பேடு

குடிநீர்க் குழாய் பற்றித்தான் பேச்சு.
ஏழாம் வார்டுக்கு எத்தனை மீட்டர் என்று
குறித்துக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான் சசிதரன் அந்தச் சொல்லைச் சொன்னார்.

மூன்றெழுத்து. ஒரு பழைய நாட்டின் பெயர்.
மீன் கொத்திய கொடியெல்லாம் இருந்ததாம் அதற்கு.
சாவடிக்கு மேற்கே இங்கே
வெற்றிலை எச்சிலோடு வெளியே வரும்.

குறிப்பேட்டில் இடப்பக்கம் மலையாளம்,
வலப்பக்கம் தமிழ்.
இரண்டும் என் கையெழுத்து.
அந்தச் சொல்லுக்கு மட்டும்
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆறுச்சாமி எழுந்தார், நாற்காலி மல்லாந்தது.
"நாலு தலைமுறையா உழுத மண்ணுல நின்னுட்டிருக்கறன்,
என்னையப் பாத்தா வந்தேறியாட்டத் தெரியுதா?
எழுதிக்கம்மணி, இது இனவெறி.
இனவெறின்னே எழுது."

சசிதரனின் முகம் சிவந்தது.
முதல் சொல்லுக்குச் சிவக்காத முகம்.
"ஞானா? என்னையா?
என்டெ மருமகளே பொள்ளாச்சிக்காரியாணு!"

அதன்பிறகு
அந்தச் சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லை.
அவர் அப்படிப்பட்டவரா இல்லையா,
அப்படிச் சொன்னவர் எப்படிப்பட்டவர்,
போன தேர்தலில் யார் யாரை என்ன சொன்னார்,
மன்னிப்பு முதலில் எந்தப் பக்கமிருந்து.
நாற்பது நிமிடம்.
ஒரு கட்சி முதல் சொல்லை நீக்கச் சொன்னது,
மறு கட்சி இரண்டாவதை.
தலைவி விலாசினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
ரெண்டையும் அடிச்சிரு என்றார்.

அடித்தேன்.
தாளின் பின்பக்கம் தடவினால் தெரியும்,
பேனா அழுத்திய இடம்.

ராத்திரி எட்டு மணி, சாவடி டீக்கடை.
கோழி லாரிகள் முத்திரைக்கு நிற்கின்றன.
டிவியில் அமெரிக்கா.
நீலத் திரை, இரண்டு மேடை, இரண்டு பேர்.
நீங்கள் இனவாதி.
என்னை அப்படிச் சொல்வதுதான் இனவாதம்.
என் நண்பர்களில் எத்தனை பேர் தெரியுமா.
தமிழில் சொல்கிறவர் ஒரே ஆள்,
ஓடும் பஸ்ஸின் பின்னால் ஓடும் கண்டக்டரைப் போல
மூச்சு வாங்குகிறார்.
இரண்டு பேருக்கும் அவர் தொண்டைதான்,
ஒருத்தன் தன்னைத்தானே
திட்டிக்கொள்வதைப் போலிருக்கிறது.

"யாரு ஜெயிச்சது?" என்றார் நாமக்கல் டிரைவர்.
"இன்னும் முடியலீங்" என்றார் மாஸ்டர், ஆற்றிக்கொண்டே.

ஆறுச்சாமி நடுபெஞ்சில் இருந்தார்.
கடை மச்சினனுடையது.
"ரெக்கார்டுல ஏறிப்போச்சு" என்று
ஒவ்வொரு லாரிக்கும் முதலிலிருந்து சொன்னார்.
திரையைக் காட்டி,
"பாருங்க, அங்கயும் இதேதான்,
மனுசனை மனுசனா மதிக்கத் தெரியாத சாதி" என்றார்.
அடித்துவிட்டேன் என்று
நான் சொல்லவில்லை.

ரங்காத்தா வந்தாள். ஏழாம் வார்டு.
ஆபீஸையும் இந்தக் கடை வாசலையும் கூட்டுகிறவள்.
கேட்காமலே அவளுக்கு வந்தது பேப்பர் கப்.
"இப்பெல்லாம் யாருக்கும் பேப்பர் கப்புத்தானுங்"
என்பார் மாஸ்டர், கேட்டால்.
கேட்பதில்லை.
ஆறுச்சாமியின் கையில் கண்ணாடி கிளாஸ்.
டிரைவர் கையில் கண்ணாடி கிளாஸ்.
என் கையில்,
விளிம்பில் சின்னதாக உடைந்த,
சூடான ஒன்று.

இதில் ஒரு சொல்லும் இல்லை.
நீக்க ஒன்றுமில்லை.
இடப்பக்கத்திலும் இல்லை, வலப்பக்கத்திலும் இல்லை.

"குழாய் என்னாச்சுங்கம்மணி?"
ஒத்திவெச்சிருக்காங்க என்றேன்.
"எதுக்குங்க?"
டிவியில் கைதட்டல். அது நல்லதாய்ப் போயிற்று.

குடித்து முடித்துக் கப்பைக் கசக்கினாள்.
கீழே போட ஓங்கிய கை நின்றது.
"காத்தால நாந்தான அள்ளோணும்" என்று
முந்தானையில் முடிந்துகொண்டு
இருட்டில் இறங்கிப் போனாள்,
அந்த மீட்டர்களின் பக்கமாக.