தேய்ந்த பூஜ்ஜியம்

நாற்பத்திரண்டு மடிக்கணினிகள்.
வேனில் ஏற்றும்போதே எனக்குத் தெரியும்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் அந்தப் பச்சை வில்லை.
கடன் வசூல் கம்பெனியின் மேலாளர்
படமெடுக்க என் கையைக் குலுக்கினார்.
அறக்கட்டளைக்கு அன்பளிப்பு.
ஈரக் கை, என்னுடையது.
கிரோனிங்கனில் அன்றும் மழை.

ரென்ஸ்காவிடம் நான் சொல்லவில்லை.
சைக்கிளைப் பூட்டிவிட்டு வந்தவள்
கையுறை கழற்றி
முதல் கணினியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.
"இவங்களா" என்றாள்.
காபி எடுக்கப் போனாள்.

ஏழு வருஷமாய் அவள் கதவின் துளை வழியே
விழுந்துகொண்டிருப்பது இந்தப் பச்சைதான்.
பல் வைத்தியரின் பில் ஒன்று.
விட்டுப் போனவன் தவணையில் வாங்கிய சோபா ஒன்று.
பிறகு வட்டி,
வட்டியை நினைவூட்டியதற்குக் கட்டணம்,
நினைவூட்டலைப் பிரிக்காததற்கு இன்னொரு கடிதம்.
சோபாவைக்கூட அவன் எடுத்துப் போய்விட்டான்.

பட்டறை விதி சுவரில் இருக்கிறது:
உள்ளே பார்க்காதே, அழி.
ஆறு திருகாணிகள் ஜாம் பாட்டிலுக்குள்.
விசிறியில் பிஸ்கட் தூள், யாரோ ஒருத்தியின்
நீளமான சிவப்பு முடி.
எண்களின் வரிசையில்
மற்றதெல்லாம் தெளிவாய் இருக்க
பூஜ்ஜியம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.
"எத்தனை தடவை தட்டியிருப்பாங்க" என்று
விசைப்பலகை சோதிக்கும் டெஸ்ஃபாலெம் சிரித்தான்.
அவனுக்கு விஷயம் தெரியாது.

திரை எரிந்தது.
கடவுச்சொல்லை யாரோ காகிதத்தில் எழுதி
மூடியின் உள்பக்கம் ஒட்டியே விட்டிருந்தார்கள்.
ரென்ஸ்கா அதைப் பார்த்தாள்.
அவள் பார்ப்பதை நான் பார்த்தேன்.
ஒரு நிமிடம், அதற்கும் கூடவா, தெரியவில்லை.
நகத்தால் காகிதத்தைச் சுரண்டி எடுத்து
நான்காய் மடித்துக் குப்பையில் போட்டு
அழிப்பானை ஓடவிட்டாள்.

அழிப்பது என்றால் துடைப்பது இல்லை,
வந்த புதிதில் எனக்கு அவள்தான் சொன்னாள்:
இருந்ததன் மேல் பூஜ்ஜியம் எழுதுவது.
வட்டு நிறையும்வரை
பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம்.
மூன்று மணி நேரம்.

"உன் கணக்கும் இதில்..." என்று இழுத்தேன்.
"இதிலயா? பைத்தியமா நீ?
அது எங்கேயோ ஒரு சர்வர்ல
ஏசி போட்ட அறையில
சுகமா இருக்கு."

அழிக்க மறுத்த வட்டுகள் ஐந்து.
அவற்றுக்குத் துளைக்கருவி.
அந்த வேலையை வேறு யாருக்கும் தரவில்லை அவள்.
இரும்புத்தூளைத் தட்டிவிட்டு, அமைதியாக,
மதிய ரொட்டியைச் சாப்பிட்டாள்.

முப்பத்தேழு பிழைத்தன.
ஒன்பது, கால்வாய்க்கு அப்பாலுள்ள பள்ளிக்கு.
ஒன்று, இரவு வேலை பார்த்துக்கொண்டே
நர்ஸ் படிப்புப் படிக்கும் ஒருத்திக்கு.
அதில்தான் அந்தத் தேய்ந்த பூஜ்ஜியம்.
மாற்றித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள்,
ஒன்பதுக்குப் பக்கத்தில் வேறென்ன இருக்கப்போகிறது.

நாற்பத்திரண்டுக்கும் சான்றிதழ் தர வேண்டும்:
தரவு அழிக்கப்பட்டது, நாள், வரிசை எண்,
கீழே அழித்தவர் கையெழுத்து.
நாற்பத்திரண்டு முறை
முழுப்பெயரையும் எழுதினாள் ரென்ஸ்கா,
வங்கியில் போடும் கிறுக்கல் இல்லை,
பள்ளிக்கூடத்து எழுத்தில், அவசரமின்றி.
அவர்களுக்கு அவள் அனுப்பிய முதல் கடிதம்.
தபால்தலையை நான்தான் ஒட்டினேன்,
கொஞ்சம் கோணலாய்.

மூன்று வாரம் கழித்து
ஒரே நாளில் இரண்டு உறைகள் வந்தன,
பட்டறைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.
இரண்டிலும் அதே பச்சை,
இரண்டிலும் 'மதிப்பிற்குரிய'.
நன்றி சொன்னதைச் சுவரில், விதிக்குப் பக்கத்தில்,
குத்தி வைத்திருக்கிறோம்.
மற்றதைப் பிரித்தாளா என்று
நான் கேட்கவில்லை.