பதினாறுக்கு எட்டு

ராத்திரி பதினொன்றரைக்கு ஷட்டரைத் தட்டினார்கள்.
சென்னியப்பன் ஆள் ஒருத்தன்,
அர்த்தனாரி ஆள் ஒருத்தன்.
ஒரே பைக்கில் வந்திருந்தார்கள்.
ஆறு வாரமாக இந்த வெள்ளகோவிலில்
ஒரே பேக்கரியில்கூட நிற்காதவர்கள்.

"ஏனுங்கக்கா, காலையில மாவட்டம் வர்றாருங்.
பதினாறுக்கு எட்டு.
ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோணும்."

"யார் பேர் முதல்ல?" என்றேன்.
இருவரும் ஷட்டரின் துருவைப் பார்த்தார்கள்.

ஒன்றியச் செயலாளர் பதவிதான்.
பதினோரு ஓட்டு வித்தியாசம்.
எண்ணிய மண்டபத்தில் உடைந்த நாற்காலிகளுக்கு
இன்னும் யாரும் பணம் கட்டவில்லை.
தை மாதம் நடக்கவிருந்த கல்யாணம் ஒன்று
நின்றுபோனது.

எனக்கு நல்ல வியாபாரம்.
காலையில் அவருக்கு, மாலையில் இவருக்கு.
"துரோகி" என்ற சொல்லுக்கு
இதே ஸ்டூலில் உட்கார்ந்துதான்
இரண்டு தரப்பும் எழுத்துரு பார்த்தார்கள்.
இரண்டு பேருக்கும் ஒரே சிவப்பு போட்டேன்.
கண்டுபிடிக்கவில்லை.

இப்போது தலைகளை அளக்கிறேன்.
சென்னியப்பனுக்கு முகம் அகலம்,
அர்த்தனாரிக்கு நெற்றி ஏற்றம்.
உயரத்தைச் சமமாக்கினால் அகலம் உதைக்கிறது.
இரண்டு படமும் இடது பக்கமே பார்க்கின்றன,
ஒருவர் முதுகை ஒருவர் பார்ப்பதுபோல.
அர்த்தனாரியைத் திருப்பிப் போட்டேன்.
சட்டைப்பை வலப்பக்கம் போனது, மச்சமும் போனது.
"இது எங்க அண்ணனே இல்லீங்" என்றான் அவன் ஆள்.

பழைய கோப்புகளுக்குள் போனேன்.
எட்டு வருசத்துக்கு முந்தையது ஒன்று:
பி.ஏ.பி. தண்ணீர் கடைமடைக்கு வரவில்லையென்று
உண்ணாவிரதப் பந்தல், மூன்றாம் நாள்.
உதடு வெடித்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில்.
அர்த்தனாரி தோளில் சென்னியப்பன் கை.

இந்தப் படத்தைத்தான்
போன மாதம் அர்த்தனாரிக்காக நான் வெட்டினேன்.
"அந்த விரலையெல்லாம் எடுத்துருங்கக்கா" என்றார்கள்.
ஒவ்வொரு விரலாக அழித்தேன்.
கட்டைவிரல் மட்டும் துண்டின் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது.
ஊர் முழுக்க நாற்பது சுவரில்
எதிராளியின் கட்டைவிரலோடுதான்
ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் மனுசன்.

பையன்கள் திரைக்கு அருகில் வந்தார்கள்.
"அன்னைக்கு அண்ணனுக்கு மயக்கமே வந்துருச்சு.
எளநி வாங்க நாந்தேன் ஓடுனேன்."
"ரெண்டு வாங்கியாந்தே.
ஒண்ண வழியிலயே குடிச்சுப்போட்டே,
களவாணி."
சிரித்துவிட்டு
சிரித்ததற்காக ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள்.

பழைய முகம் வேண்டாமென்று போனில் உத்தரவு.
இப்போதைய முகம்தான் வேணுமாம்.
சரியென்று
பட்டினி கிடந்த உடம்புகளின்மேல்
இந்த வருசத்துத் தலைகளை வைத்தேன்.
கழுத்தில் கொஞ்சம் நிறம் ஒட்டவில்லை.
கை அங்கேயே இருக்கட்டுமா என்றேன்.
ஒருத்தன் தலையாட்டினான்.
இன்னொருத்தன் வேண்டாமென்று சொல்லவில்லை.

பெயர்களைப் போடவேயில்லை.
"கடைமடை வரை" என்று மட்டும் போட்டேன்,
தண்ணீரோ வேறெதுவோ,
படிக்கிறவர் பாடு.

ஆடிக் காற்று. விடியற்காலையில் கட்டும்போது
பிளேடால் பிறை பிறையாகக் கீறிவிட்டோம்.
கீறாவிட்டால் மத்தியானத்துக்குள்
மூலனூர் ரோட்டில் பறந்துகிடக்கும்.
முகத்தில் கீறக்கூடாதென்று
இரண்டு தரப்பும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
நடுவில்தான் இடமிருந்தது.

தோற்றவர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார்.
மாவட்டம் எழுந்து இருவர் கையையும் தூக்கினார்.
பட்டாசு.
கேமராக்காரர் "தோள்ல கை போடுங்" என்று கத்தினார்.
சென்னியப்பன் கை கிளம்பி
துண்டைத் தொட்டு
அப்படியே மைக்கைத் திருத்தப் போய்விட்டது.

கடைக்கு வந்து பில் எழுதினேன்.
பாதிப் பாதி என்றார்கள்.
பழைய பாக்கி இரண்டு பேரிடமும் நிற்கிறது.

கோப்பை மூடும்போது கணினி கேட்டது,
அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துவிடவா என்று.
உடம்பு ஒன்று, தலை இரண்டு,
கை தனியாக.

வேண்டாம் என்று அழுத்தினேன்.
உள்ளாட்சித் தேர்தலுக்கு
இன்னும் ஏழு மாதம்தான் இருக்கிறது.